செய்யாற்றுப் பக்கம் பாரதக் கூத்து: தூக்கம் கெட்ட ஒரு வாரம்

மே 11, செய்யாறு

காஞ்சிபுரத்திலிருந்து செய்யாறுக்கு முப்பது கிலோமீட்டர் சொச்சம். கத்திரி வெயிலில், பகல் ஒரு மணிக்கு, ஜன்னலோரம் இடம் கிடைத்தால் சந்தோஷப்பட வேண்டாம். கம்பியில் கை வைக்க முடியாது. பேருந்து நிலையத்துக்கு வெளியே நுங்கு வண்டி, ஆறு சுளை முப்பது ரூபாய். வெட்டித் தந்த அம்மா ஏழாவதாக ஒன்றையும் ஓலையில் வைத்து, "இது முத்திப்போச்சு, காசு வேணாம். பல்லு கெட்டியா இருந்தா துன்னு கண்ணு" என்றார்.

இந்தப் பக்கம் வரப் பங்குனி முதல் ஆனி வரை நல்ல காலம். வயல் வேலை குறைந்திருக்கும். செய்யாறு, வந்தவாசி, ஆரணி, சேத்துப்பட்டு, செஞ்சி வட்டாரங்களில் திரௌபதி அம்மன் கோவில் உள்ள ஊர்களில் பாரதத் திருவிழா இப்போதுதான் நடக்கும். பத்து நாள், பதினெட்டு நாள், வசதியுள்ள ஊரில் அதற்கும் மேலே. எந்த ஊரில் என்றைக்கு என்று இணையத்தில் தேடிச் சலிக்க வேண்டாம். பேருந்து நிலையச் சுவரிலும் டீக்கடைத் தூணிலும் போஸ்டர் ஒட்டியிருப்பார்கள். வரிக்கு வரி தேதி, பகலில் என்ன, இரவில் என்ன கூத்து, எந்தக் குடும்பத்தின் உபயம் என்று எல்லாம் அதில் இருக்கும்.

போஸ்டரைக் கீழிருந்து மேலாக வாசிக்க வேண்டும். அடியில் 'படுகளம், தீமிதி' என்று ஒரு தேதி இருக்கும், துரியோதனன் விழுகிற நாள். பல ஊர்களில் அதை ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வைத்திருப்பார்கள், வெளியூரில் வேலைக்குப் போன பிள்ளைகள் வந்து சேரட்டும் என்று. அதற்கு முந்தின இரவு பதினெட்டாம் போர், அதற்கு முன்னால் கர்ண மோட்சம், அதற்கும் முன்னால் அபிமன்யு. ஒரு வாரம் ஒதுக்க முடியாதவர்கள் இந்த மூன்று இரவுகளுக்கு வந்தால் போதும். ஒரே ஓர் இரவுதான் முடியும் என்றால் கர்ண மோட்சம். ஆனால் இரவு பதினொன்றுக்கு வந்து ஒரு மணிக்குப் போட்டோவோடு திரும்புவதாக இருந்தால் வராமலே இருக்கலாம். அந்த நேரத்தில் கதை தொடங்கியே இருக்காது.

ஊரின் பழைய பெயர் திருவோத்தூர். ஆண் பனைகள் காய்க்கும்படி ஞானசம்பந்தர் பதிகம் பாடிய தலம் என்பார்கள். மாலையில் வேதபுரீசுவரர் கோவிலுக்குள் மட்டும் கொஞ்சம் காற்று இருந்தது.

மே 12, வந்தவாசிச் சாலையில் உள்ளே தள்ளி ஓர் ஊர்

ஷேர் ஆட்டோவில் ஆளுக்கு முப்பது ரூபாய். ஊருக்குள் நுழைந்ததும் முதல் கேள்வி, "யாரு ஊட்டுக்கு வந்திருக்கீங்க?" விருந்தாளி என்றால் ஏதாவது ஒரு வீட்டுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும், யாருக்கும் சொந்தமில்லாத விருந்தாளி இங்கே கிடையாது. கூத்து பார்க்க வந்தோம் என்றதும் கேட்ட பெரியவர் ஒரு கணம் யோசித்துவிட்டு, தன் வீட்டையே காட்டினார். திண்ணையில் பாய் விழுந்தது. சொம்பில் மோர் வந்தது. பெயர் கேட்டது அதற்குப் பிறகுதான்.

இன்று பகலில் அர்ச்சுனன் தபசு. கோவிலுக்கு எதிரே திடலில் ஐம்பது அடிக்குக் குறையாத பனை மரம், செதுக்கி வழுவழுப்பாக்கி நட்டிருக்கிறார்கள். அடியிலிருந்து உச்சி வரை குறுக்குக் கட்டைகள், அவைதான் படி. உச்சியில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்குப் பரண். மரம் முழுக்க மாவிலையும் மஞ்சள் துணியும். நட்ட நாளிலிருந்து அது மரம் இல்லை, கைலாச மலை. செருப்போடு பக்கத்தில் போனால் சிறுவன்கூட அதட்டுகிறான்.

இரண்டு மணிக்கு ஆரம்பித்தார்கள். அர்ச்சுனன் வேஷக்காரர் மரத்தைச் சுற்றி வந்து, ஒரு படி ஏறி ஒரு பாட்டு, அடுத்த படி ஏறி அடுத்த பாட்டு. சிவனிடம் பாசுபத அஸ்திரம் வாங்கப் போகிறவன் அவசரப்படக் கூடாது. ஏறி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த வெயிலில், இடுப்பில் துணிக் கட்டோடும் காலில் சலங்கையோடும், மேலே போகப் போகக் குரலும் மேலே போக வேண்டும். கீழே மத்தளமும் முகவீணையும் அவரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன. முகவீணை நாகஸ்வரத்தின் சின்னத் தம்பி மாதிரி இருக்கும், முழம்கூட இருக்காது. ஆனால் அதன் கீச்சுக் குரல் இரண்டு வயல் தாண்டிக் கேட்கும். கூத்துக்காரர்கள் மைக் இல்லாத காலத்திலேயே அதைத் தேர்ந்தெடுத்ததில் ஆச்சரியம் இல்லை.

மரத்தடியில் பிள்ளை வரம் கேட்கிற பெண்கள் ஈரப் புடவையோடு குப்புறப் படுத்திருந்தார்கள். உச்சியிலிருந்து எலுமிச்சை, வில்வம், விபூதி, பூ எல்லாம் விழும். எழுந்து ஓடிப் பிடிக்கக் கூடாது, முந்தானையில் தானாக விழ வேண்டும். பக்கத்தில் அவர்களுடைய மாமியார்கள் குடத்தோடு நிற்கிறார்கள். மண் சுடுகிறதென்று தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வருஷம் முழுக்கக் குத்திக்காட்டியிருக்கக்கூடிய மாமியாரும் இன்றைக்குக் குடத்தைக் கீழே வைக்கவில்லை.

பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: குடை விரிக்காதீர்கள். பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கும் என்பது ஒரு காரணம். எலுமிச்சை குடையில் விழுந்தால் யாருக்குச் சேரும் என்று சண்டை வரும் என்பது இன்னொன்று. தலைக்குத் துண்டு போதும்.

மே 13

கீசகன் வதம். பகலெல்லாம் அனல், ராத்திரி பன்னிரண்டுக்கும் காற்றில்லை. பீமன் பெண் வேஷத்தில் காத்திருக்கிற காட்சிக்கு ஊரே எழுந்து உட்கார்ந்தது. மிளகாய் பஜ்ஜி நாலு இருபது ரூபாய். வறுத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஒரு பொட்டலம் பத்து ரூபாய், இந்த மண்ணில் விளைந்தது, வேறெங்கும் இந்த ருசி வராது.

மே 14, பிரசங்கப் பந்தல், பிறகு புரிசை

மத்தியானக் கூட்டம் வேறு, ராத்திரிக் கூட்டம் வேறு. மூன்று மணிக்குக் கோவில் பந்தலில் பாரதப் பிரசங்கம். வருகிறவர்கள் அறுபது தாண்டியவர்கள், அவர்களோடு ஒட்டிக்கொண்டு வந்த பேரப்பிள்ளைகள். பிரசங்கியார் முன்னால் ஒரு மேசை, அதில் வில்லிபாரதம், பக்கத்தில் ஆர்மோனியம். ஒரு விருத்தத்தை ராகத்தோடு பாடுவார், பதம் பிரிப்பார், பிறகு பேச்சுத் தமிழில் அரை மணி நேரம் கதை. இன்று கிருஷ்ணன் தூது.

வில்லிபுத்தூரார் நாலாயிரத்து முன்னூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களில் பத்துப் பருவங்கள் பாடி, பதினெட்டாம் நாள் போரோடு நிறுத்திக்கொண்டார். திருவிழாவின் உச்சமும் அதே பதினெட்டாம் நாள்தான். பகலில் படித்த பகுதியை ராத்திரி ஆடுவார்கள். அதனால் பிரசங்கியாரும் கூத்து வாத்தியாரும் காலையிலேயே பேசிவைத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் முந்திவிட்டால் மற்றவருக்குச் சங்கடம். போன வருஷம் ஒரு பிரசங்கியார் உற்சாகத்தில் அடுத்த நாள் கதையையும் சேர்த்துச் சொல்லிவிட்டதாகவும், ராத்திரி திடலில் பாதிப் பாய்கள் காலியாக இருந்ததாகவும் சொன்னார்கள். நம்ப முடியவில்லை. கதை தெரிந்துவிட்டதே என்று கூத்துக்கு வராதவர் இங்கே எங்கே இருக்கிறார்?

எல்லாக் கதையும் வில்லியில் இல்லை. கூத்தில் கர்ணனுக்குப் பொன்னுருவி என்று மனைவி உண்டு, துரியோதனனுக்குப் பெருந்திருவாள். இந்த இருவரையும் வளர்த்தெடுத்தவை நாட்டுப்புறக் கதைகளும் கூத்து ஏடுகளும் பெரிய எழுத்துப் பதிப்புகளும். சென்னைக் கொண்டித்தோப்பில் இரத்தின நாயகர் கம்பெனி போன்றவர்கள் சாணித்தாளில் அச்சிட்டு விற்ற நாடகப் புத்தகங்கள் பல வாத்தியார்களின் டிரங்குப் பெட்டியில் இன்னும் இருக்கின்றன. ஓரம் முழுக்கப் பென்சில் குறிப்பு: இந்தத் தரு வேண்டாம், இங்கே கட்டியங்காரன் பேசட்டும், இந்த அடியை இரண்டு முறை. தரு என்பது கூத்துப் பாட்டு, கட்டியங்காரன் கேலி பேசிக் கதையை நடத்துகிறவன். அச்சுப் புத்தகத்தை அப்படியே ஆடினால் ஓர் இரவு போதாது. எதை வெட்டுவது என்று தெரிந்தவர்தான் வாத்தியார்.

சாயங்காலம் புரிசைக்கு ஒரு நடை. வெளியிலிருந்து பார்த்தால் எல்லா ஊர்களையும் போல ஓர் ஊர். தம்பிரான் குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கூத்தாடிய இடம். கண்ணப்பத் தம்பிரானிடம் வந்துதான் சென்னைக் கூத்துப்பட்டறை நாடகக் குழு நடிகர்கள் அடவு கற்றார்கள். 1977இல் அந்தப் பட்டறையைத் தொடங்கிய ந. முத்துசாமி, 'அன்று பூட்டிய வண்டி' என்ற கட்டுரைத் தொகுப்பில் கூத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு இங்கே வருகிறவர்கள் இப்போதும் உண்டு. படிக்காமல் வந்தாலும் டீ பன்னிரண்டு ரூபாய்தான்.

காஞ்சிபுரம் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கலில் பெ. ராஜகோபாலும் ஹன்னா டி புரூயினும் நடத்திய கட்டைக்கூத்து குருகுலத்தையும் இங்கே சொல்ல வேண்டும். 2002 முதல் 2020 வரை ஆண் பிள்ளைகளோடு பெண் பிள்ளைகளும் அங்கே மரக் கிரீடமும் தோள் ஆபரணமும் பூட்டுகிற கட்டை வேஷம் கட்டக் கற்றார்கள். ஊர்த் திடல்களில் திரௌபதியாக வருகிறவர் இன்னும் பெரும்பாலும் ஆண்தான். அதில் எங்களுக்குக் குறை தோன்றவில்லை, அந்த நடிகர்கள் அவ்வளவு தேர்ந்தவர்கள். ஆனால் துரியோதனனாக ஒரு பெண் ஆடினால் எப்படி இருக்கும் என்று பார்க்கிற ஆசை மட்டும் இருக்கிறது.

மே 15, அபிமன்யு

கூத்து எத்தனை மணிக்கு என்று கேட்டால் "பத்து, பத்தரை" என்கிறார்கள். உண்மையில் அது டிவியின் கையில் இருக்கிறது. ஏழு மணியிலிருந்து தெருவில் நடந்து போனால் ஒரே சீரியலின் வசனம் வீட்டுக்கு வீடு தொடர்ந்து கேட்கிறது. நடந்துகொண்டே ஒரு காட்சியை முழுசாகப் பார்த்துவிடலாம். கடைசி சீரியல் முடிந்து, பாத்திரம் கழுவி, பாயைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு பெண்கள் திடலுக்கு வர பத்தரை ஆகும். வாத்தியார் இதில் கோபப்படுவதில்லை. அதுவரை மத்தளம், தாளம், ஆர்மோனியம், முகவீணை நாலும் களரி கட்டிக்கொண்டிருக்கும், அதாவது வெறும் வாத்தியம். அது நீளும், சுருங்கும். ஆள் சேர்ந்த பிறகுதான் கடவுள் வாழ்த்து.

தூர்தர்ஷனில் 1988 அக்டோபரிலிருந்து 1990 ஜூன் வரை மகாபாரதம் ஞாயிறுதோறும் ஓடியபோது கூத்து இதோடு முடிந்தது என்றார்களாம். 94 பகுதிகள் ஓடி அது முடிந்தது, கூத்து முடியவில்லை. பிறகு வந்த மகாபாரதத் தொடர் தமிழும் பேசியது. அதன் மிச்சம் திடலில் தெரிகிறது: பின்னால் கட்டிய பிளெக்ஸ் பேனரில் கிருஷ்ணன் முகம் டிவி நடிகருடையது. அதற்கு முன்னால் நின்று ஆடுகிற கிருஷ்ணனுக்கு முகத்தில் பச்சை, தலையில் கண்ணாடி பதித்த கட்டை முடி, அதாவது மரக் கிரீடம். பிள்ளைகள் இரண்டையும் மாறி மாறிப் பார்க்கிறார்கள், ஒன்றும் குழம்பவில்லை.

சீரியலுக்கும் கூத்துக்கும் ஒரு பொது வித்தை உண்டு. இடையில் வந்து சேர்கிறவருக்கும் கதை புரிய வேண்டும். ஒவ்வொரு வேஷமும் திரைக்குப் பின்னால் நின்று விருத்தம் பாடி, திரை விலகியதும் சுழன்றாடி, கட்டியங்காரன் "நீங்க யாரு?" என்று கேட்க, தான் இன்னார், இன்னாருடைய மகன், இந்த வேலையாக வந்தேன் என்று சொல்லியாக வேண்டும். பாட்டாக ஒரு முறை, வசனமாக ஒரு முறை, கட்டியங்காரனின் கேலியாக ஒரு முறை. பட்டணத்து அரங்கில் இதை வெட்டி ஒன்றரை மணி நேரமாக்குகிறார்கள். முழுசும் விழித்திருக்கிற ஒற்றை ஆளுக்கு அது சரி. இங்கே பார்க்க வருவது குடும்பம். தாத்தா முதல் ஜாமம் பார்ப்பார், மருமகள் பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு இரண்டு மணிக்கு எழுந்து உட்காருவாள், பையன்கள் சண்டைக்கு மட்டும் எழுவார்கள். விட்டதை அடுத்த பாயில் கேட்டுக்கொள்ளலாம். எட்டு மணி நேரம் என்பது ஒரே ஆள் உட்கார்ந்து தீர்க்க வேண்டிய கணக்கு இல்லை.

இரண்டரை மணிக்குச் சக்கர வியூகம் பாதியில் மழை. முதலில் புழுதி வாசனை, அடுத்த நிமிடம் கொட்டு. கூத்துக்காரர்கள் முதலில் ஓடியது மத்தளத்தை நோக்கி. தோல் நனைந்தால் சுருதி இறங்கிவிடும், வெயிலிலோ தணலிலோ காட்டாமல் மீளாது. இரண்டாவது, கட்டை ஆபரணங்கள். லேசான மரத்தில் செதுக்கி, ஜிகினாத் தாளும் கண்ணாடித் துண்டும் பசையில் ஒட்டியவை, ஈரம் பட்டால் உரியும். அபிமன்யு வேஷக்காரர் கட்டை முடியைக் கழற்றி மடியில் வைத்துப் போர்வை போர்த்திக்கொண்டு, தன் தலையை மழையில் விட்டுவிட்டார். முகத்துப் பூச்சு எண்ணெயில் குழைத்தது, அதனால் தண்ணீர் உருண்டு ஓடியது, அவ்வளவு சீக்கிரம் கலையவில்லை.

முக்கால் மணி நேரம் கோவில் மண்டபத்தில் நெருக்கியடித்து நின்றோம். ஈரச் சேறு, பாதித் தூக்கத்தில் அழுகிற பிள்ளைகள். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. "புள்ள சாவாம எப்படி ஊட்டுக்குப் போறது?" என்றார் ஓர் ஆயா. மூன்றேகாலுக்கு மீண்டும் தொடங்கி, விடியும்போது பிள்ளை செத்தான். சுபத்திரை அழுதபோது ஆயாவும் அழுதார், பிறகு பாயைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார்.

வந்தவாசியில் நெய்கிற கோரைப்பாய் இரண்டு மணி நேர வெயிலில் காய்ந்துவிடும். பிளாஸ்டிக் பாய் அப்போதே காயும், ஆனால் ராத்திரி வேர்வையில் முதுகோடு ஒட்டும். கோரையே வாங்குங்கள்.

மே 16, கர்ண மோட்சம்

இன்று வேஷக் கொட்டகையில் எட்டு மணியிலிருந்து உட்கார அனுமதி கிடைத்தது. நிபந்தனைகள்: செருப்பு வெளியே, கட்டைகளைத் தாண்டக் கூடாது, வேஷம் பாதியில் இருக்கும்போது போட்டோ கூடாது.

முதலில் முகத்தில் தேங்காய் எண்ணெய். வெயில் காலத்தில் இதைக் குறைவாகத் தேய்க்க வேண்டும், அதிகமானால் வேர்வையோடு சேர்ந்து பூச்சு வழியும். பிறகு வண்ணப் பொடியை எண்ணெயில் குழைத்து விரலால் பூச்சு. முன்பு அரிதாரம், இப்போது கடையில் விற்கிற வெள்ளைப் பொடியில் நிறம் கலக்கிறார்கள். நெற்றியிலிருந்து கீழ்நோக்கித்தான் பூச வேண்டும். பூச்சு கொஞ்சம் இறுகும்வரை பேசக் கூடாது, பேசினால் வாயோரம் விரிசல் விடும். அதற்கு மேல் மீசை, புருவம், கண்ணைச் சுற்றிக் கறுப்புக் கோடு, கன்னத்தில் ஈர்க்குச்சியால் வெள்ளைப் புள்ளிகள். கண்ணாடியைத் தானே பிடித்துக்கொண்டு ஒவ்வொருவரும் தன் முகத்தைத் தானே எழுதுகிறார்கள். சின்னப் பையனுக்கு மட்டும் அப்பா எழுதினார்.

அடுத்தது இடுப்பு. பழைய புடவைகளைச் சுருட்டிக் கயிற்றால் சுற்றிக் கட்டி, அதன்மேல் விரிந்த பாவாடை. சுழலும்போது பாவாடை குடையாக எழ வேண்டுமென்றால் இந்தக் கட்டு இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் தடித்தால் ஆள் சாய்கிறார். இதைத் தானே கட்ட முடியாது, ஒருவர் முதுகில் முழங்காலை ஊன்றி இழுத்துக் கட்டுகிறார். சலங்கை கட்டும் முன் கணுக்காலில் துணி சுற்றாவிட்டால் விடிவதற்குள் தோல் உரிந்துவிடும். கடைசியில் கட்டைகள்: மார்புப் பதக்கம், தோளுக்கு இரண்டு, காதுக்கு இரண்டு, தலைக்கு முடி. எல்லாமே நாடாவால்தான் நிற்கின்றன. நாடா தளர்ந்தால் சுழற்சியில் தோள் கட்டை முகத்தில் அடிக்கும், இறுக்கினால் கை மரத்துப்போகும். கட்டை முடியைக் கட்டும் முன் கற்பூரம் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். அதன் பிறகு அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. டீ கொண்டுவந்த பையனும் "கர்ண மகாராஜாவுக்குச் சர்க்கரை கம்மியா?" என்றுதான் கேட்டான்.

கர்ண மோட்சம் கோவில் கூத்து மட்டும் இல்லை. இந்தப் பக்கம் வீட்டில் பெரியவர் இறந்தால் கருமாதி இரவில் இதை வைப்பதும் உண்டு. அதனால் திடலில் இருக்கிற பாதிப் பேருக்கு இது ஏற்கெனவே தங்கள் வீட்டு வாசலில் நடந்த கதை. பொன்னுருவி காட்சியில் அது தெரிந்தது. பிறப்புத் தெரியாதவன் என்று கணவனை இத்தனை வருஷமாக ஒதுக்கிவைத்த மனைவியிடம், செத்துப்போகப் போகிறோம் என்று தெரிந்தே விடைபெற வருகிறான். ஒரு மணி நேரத்துக்கு மேல் இரண்டே பேர். சண்டை, நையாண்டி, தாலியைப் பற்றி ஒரு பேச்சு, பிறகு அவள் உடைவது. பாய்களில் பெண்கள் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். "இப்ப அழு. அப்ப எங்க போச்சு புத்தி?" என்று ஒருத்தி உரக்கக் கேட்டபோது பொன்னுருவி வேஷக்காரர் அந்தப் பக்கம் திரும்பி, "எங்கம்மா எனக்குச் சொல்லித் தரலையே, அக்கா" என்று வசனத்துக்குள்ளேயே பதில் சொல்லிவிட்டு அழுகையைத் தொடர்ந்தார்.

நடுநடுவே கூத்து நிற்கும். யாரோ ஒரு மருமகன் நூறு ரூபாய் கொடுத்திருப்பார். கட்டியங்காரன் அதை வாங்கி உயர்த்திக் காட்டி, இன்ன தெரு இன்னார் வீட்டு மாப்பிள்ளை, மாமனார் பேர் விளங்கக் கொடுத்தார் என்று சொல்ல வேண்டும். உடனே எதிர் வரிசையிலிருந்து மாமன் மகன் இருநூறு அனுப்புவார். வெளியூர்க்காரர்களுக்கு இது எரிச்சல் தருகிறது, விளம்பர இடைவேளை என்று சலித்துக்கொள்கிறார்கள். எங்களுக்கு இது பிடித்திருந்தது. வருஷக்கணக்காகப் பேசாத இரண்டு வீடுகள் கூத்துக்காரர் வாய் வழியாக ஒருவர் பேரை ஒருவர் கேட்கிறார்கள். முறை தவறி அறிவித்தால் சண்டை வரும் என்பதால் கட்டியங்காரன் பக்கத்தில் உள்ளூர்க்காரர் ஒருவர் உட்கார்ந்து உறவு சொல்லித் தருகிறார்.

பிராமணனாக வந்த கிருஷ்ணன் புண்ணியத்தை யாசிக்கிறான். எத்தனை பிறவி எடுத்தாலும் இரப்பவர்க்கு இல்லை என்று சொல்லாத இதயம் வேண்டும் என்று கர்ணன் கேட்கிற இடம் வில்லியிலும் உண்டு. மணி ஐந்து. மைக் கரகரத்து நின்றுபோனது. அதை நிமிர்ந்து பார்க்கக்கூட யாரும் இல்லை. குரல் மட்டும் போதுமாக இருந்தது.

மே 17, 18: பதினெட்டாம் போர், படுகளம்

சனிக்கிழமை காலையிலிருந்தே திடலில் மண் வேலை. துரியோதனனைப் படுத்த நிலையில் மண்ணால் செய்கிறார்கள். இந்த ஊரில் தலை முதல் கால் வரை அறுபது அடி இருக்கும். முதலில் வண்டி வண்டியாக மண்ணைக் கொட்டிக் கோடு போடுவது, பிறகு தண்ணீர் தெளித்து மிதித்து இறுக்குவது, மேலே சேறு குழைத்து வழித்து முகம், மார்பு, கிரீடம், கையில் கதாயுதம். மழை பெய்ததால் உள்மண் ஈரமாகவே இருந்தது, மேல்பூச்சு இரண்டு முறை வெடித்து விழுந்தது. வைக்கோலைப் பொடியாக வெட்டிச் சேற்றில் கலந்து மூன்றாவது முறை பூசியதும்தான் நின்றது. வலது தொடையில் குழி பறித்துக் குங்குமம் கரைத்த தண்ணீர்ப் பானையைப் புதைத்து மண் மூடினார்கள்.

ராத்திரி பதினெட்டாம் போர் விடியும்வரை நடந்து, முடியாமலே நிறுத்தப்படுகிறது. முடிவு மண்ணுருவத்தின் மேல். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு வேஷம் கலைக்காத பீமனும் துரியோதனனும் தெருக்களில் துரத்திக்கொண்டு ஓடினார்கள். இரவு முழுக்க ஆடிய உடம்பு, தார்ச்சாலையில் வெறுங்கால். வீட்டு வாசல்களில் பெண்கள் அவர்கள் காலில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். பிறகு திடலில் சுற்றிச் சுற்றிச் சண்டை. துரியோதனன் மண் மார்பின் மேல் ஏறி நின்று வசனம் பேசினான். கடைசியில் தொடையில் அடி, பானை உடைந்து சிவப்பு பீறிட்டது. அவிழ்ந்த கூந்தலோடு கொண்டுவரப்பட்ட அம்மனுக்கு அந்தச் சிவப்பைத் தொட்டு, சீவி, முடித்து, பூ வைத்தார்கள். கூட்டம் முழுக்கக் குலவை.

அதற்கு அடுத்த கணம் பெருந்திருவாள் வந்தாள். கிழிந்த புடவை, கையில் பழைய துடைப்பமும் முறமும். கணவன் பிணத்தின் மேல் விழுந்து ஒப்பாரி. அந்த ஒப்பாரிக்குள்ளேயே வசவும் கேலியும் கலந்திருந்தன. முறத்தால் எதிரில் இருந்தவர்கள் தலையில் தட்டினாள். பிணி போகும் என்று தலையை நீட்டுகிறார்கள், குழந்தைகளைத் தூக்கிக் காட்டுகிறார்கள். வென்றவள் பக்கத்துக் குலவை அடங்கும் முன்பே தோற்றவன் மனைவிக்கு இடம் விடுகிற இந்த ஒழுங்கு எந்த டிவி பாரதத்திலும் பார்த்ததில்லை. திரௌபதி வழிபாட்டைப் பற்றி 1988இலும் 1991இலும் இரண்டு தொகுதிகள் எழுதிய அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்ட்பைட்டல் செஞ்சி வட்டாரத்தில் இத்தனை காலம் சுற்றியதற்குக் காரணம் புரிந்தது.

ஆட்டம் முடிந்ததும் மண்ணுக்குப் பாய்ந்தார்கள். கிரீடத்து மண் முதலில் தீர்ந்தது. முந்தானையில், டிபன் பாக்ஸில், ஹெல்மெட்டில். நெல் குதிரில் போட, வயலில் தூவ. அரை மணி நேரத்தில் துரியோதனன் இருந்த இடம் மேடு பள்ளமாகிவிட்டது.

சாயங்காலம் தீமிதி. காலையில் அடுக்கிக் கொளுத்திய கட்டைகள் ஐந்து மணிக்குத் தணலாகி, நீளக் கம்பால் தட்டிப் பரப்பப்பட்டிருந்தன. காப்புக் கட்டியவர்கள் வரிசையாக இறங்கினார்கள். பார்க்கிறவர்கள் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து நிற்க வேண்டும். எதிர்ப்பக்கம் நின்றால் சாம்பல் கண்ணுக்குள். அன்னதானத்தில் சாம்பார் சாதமும் பூசணிக்காய்க் கூட்டும், வாளியோடு ஓடி வந்து பரிமாறிய பையன்கள் "இன்னும் கொஞ்சம் வெச்சுக்கோங்க அண்ணா" என்று சொல்லிக்கொண்டே கேட்காமலே ஊற்றினார்கள்.

மே 19, தருமர் பட்டாபிஷேகம்

கடைசி நாள் சுருக்கம்தான். மதியத்துக்குள் பட்டாபிஷேகம், காப்பு அவிழ்ப்பு, கொடியிறக்கம். கோவில் திண்ணையில் தர்மகர்த்தா கணக்கு முடித்தார். பேசிய தொகையில் முன்பணம் போக மீதி, வெற்றிலை பாக்கோடு தாம்பாளத்தில். இரவில் மேடைக்கு வந்த அன்பளிப்பு தனி, அதைக் குழுவினர் தங்களுக்குள் பங்கு பிரித்துக்கொள்கிறார்கள். கட்டைகளை ஒவ்வொன்றாகப் பழைய புடவையில் சுற்றி மூங்கில் பெட்டியில் அடுக்கினார்கள், முடி மேலே, கனமானவை கீழே. அவர்களுக்கு இரண்டு நாளில் ஆரணிப் பக்கம் அடுத்த கொடியேற்றம்.

தங்கியிருந்த வீட்டில் பணம் வாங்க மறுத்துவிட்டார்கள். அப்படி நேர்ந்தால் வற்புறுத்த வேண்டாம். கோவில் உண்டியலில் அந்த வீட்டுப் பேரில் ரசீது போட்டுவிட்டால் அடுத்த வருஷப் போஸ்டரில் உபயதாரர் வரிசையில் வரும். ரசீதில் வீட்டுப் பெரியவர் பெயரோடு அவர் மனைவி பெயரையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். எழுதுகிறவர் கேட்காமல் விட்டுவிடுவார்.